எழுத்து அரேயைத் தலைகீழாக்குவது எப்படி: பென்சிலில் தொடங்கி விகடகவி வரை

நிரல் எழுதக் கற்கிறவர்களுக்கு லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளை) பழகி, அரே (மதிப்புகளை வரிசையாக வைக்கும் கட்டங்கள்) தொடங்கிய சில நாட்களில் இந்தக் கணக்கு வந்து நிற்கும்: ‘ஓர் எழுத்து அரே தரப்பட்டுள்ளது. அதைத் தலைகீழாக்கு.’ கேள்வி ஒரு வரி. விடையும் பத்து வரியைத் தாண்டாது. ஆனாலும் முதல் முயற்சியில் சரியாக எழுதுகிறவர்கள் குறைவு. பெரும்பாலோர் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான்: இன்டெக்ஸ், அதாவது கட்டத்தின் வரிசை எண், எங்கே நிற்க வேண்டும் என்பதில். அந்த இடத்தில்தான் இங்கே நிறைய நேரம் செலவிடப் போகிறோம்.

பாடப்புத்தகங்கள் ‘அணி’ என்று எழுதும். பேசும்போது எல்லோரும் அரே என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் கேள்வியைப் படியுங்கள்

‘தலைகீழாக்கு’ என்ற சொல்லுக்குள் மூன்று வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, பின்னாலிருந்து முன்னால் அச்சிடுவது. இதில் அரே மாறவே மாறாது. கடைசி இன்டெக்ஸில் தொடங்கி 0 வரை இறங்கி வரும் ஒரு லூப் போதும்.

இரண்டு, தலைகீழான புதிய அரே ஒன்றை உருவாக்குவது. பழையது அப்படியே இருக்கும், பக்கத்தில் அதே நீளத்தில் இன்னொன்று வரும்.

மூன்று, இருக்கும் அரேயையே இருந்த இடத்தில் மாற்றுவது. புதிய அரே கிடையாது. நேர்முகத் தேர்வுகளில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். நிரல் கணக்குகளைப் பயிலும் லீட்கோட் தளத்தின் 344-ஆவது கணக்கும் இதுவே: எழுத்து அரே ஒன்றைக் கொடுத்து, கூடுதல் நினைவகம் நீளத்தோடு வளரக்கூடாது என்று கட்டளை போடுகிறது.

திரையில் மூன்றுமே ஒரே மாதிரி தெரியும். அதனால்தான் குழப்பம். அச்சிட்டுப் பார்த்து ‘சரியாக வருகிறதே’ என்று அனுப்பிவிடுவோம். சோதிக்கிற நிரல் அரேக்குள் எட்டிப் பார்த்து, எதுவும் மாறவில்லை என்று திருப்பி அனுப்பும். இனிமேல் நான் ‘தலைகீழாக்குவது’ என்றால் அந்த மூன்றாவது வேலைதான்.

கணினியை மூடிவிட்டுப் பென்சிலை எடுங்கள்

ஐந்து கட்டங்கள் வரையுங்கள். உள்ளே அ, ஆ, இ, ஈ, உ என்று எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் 0, 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள். (ஏன் உயிரெழுத்துகள்? ‘கடல்’ போன்ற ஒரு சொல்லை எடுத்திருந்தால் இப்போதே சிக்கல் வந்திருக்கும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.)

நீளம் 5, ஆனால் கடைசி இன்டெக்ஸ் 4. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் ஆணி அடித்து வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பிழைகள் இங்கிருந்துதான் வருகின்றன.

இப்போது இடது கை விரலை 0 மேல் வையுங்கள், வலது கை விரலை 4 மேல். இரண்டு கட்டங்களிலும் உள்ள எழுத்துகளை இடம் மாற்றுங்கள். கிடைப்பது:

உ ஆ இ ஈ அ

இரண்டு விரல்களையும் ஒரு கட்டம் உள்ளே நகர்த்துங்கள். இடது 1, வலது 3. மறுபடி மாற்றுங்கள்:

உ ஈ இ ஆ அ

இன்னொரு முறை நகர்த்தினால் இரண்டு விரல்களும் 2 மேல் வந்து மோதும். நடு எழுத்து தன் இடத்திலேயே இருக்க வேண்டியதுதான். வேலை முடிந்தது.

எண்ணிப் பாருங்கள்: ஐந்து எழுத்துக்கு இரண்டே மாற்றங்கள். ஆறு எழுத்தென்றால் மூன்று. நீளத்தை இரண்டால் வகுத்து மீதியை விட்டுவிட்டால் கிடைக்கும் எண் அது. பத்து லட்சம் எழுத்து இருந்தாலும் ஐந்து லட்சம் மாற்றங்கள் போதும், கூடுதலாகத் தேவைப்படுவது ஒற்றை எழுத்துக்கான இடம்.

விரல்களை நிரலாக்குதல்

எந்த மொழிக்கும் பொருந்தும்படி தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் மொழிக்கு மாற்றிக்கொள்வது கடினமல்ல.

இடது = 0
வலது = நீளம் - 1
இடது < வலது என்று இருக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்:
    கை = அரே[இடது]
    அரே[இடது] = அரே[வலது]
    அரே[வலது] = கை
    இடது = இடது + 1
    வலது = வலது - 1

‘கை’ என்று நான் பெயரிட்டிருப்பது வழக்கமாக ‘டெம்ப்’ என்று எழுதப்படும் மாறி. இரண்டு கட்டங்களில் உள்ளதை மாற்றும்போது ஒன்றைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளத்தானே வேண்டும்? (பைத்தான் 3-இல் மாறிகளுக்கு உண்மையிலேயே தமிழில் பெயர் வைக்கலாம். வேலை செய்யும். அலுவலகத்தில் செய்யாதீர்கள், அவ்வளவுதான்.)

இதே வேலையை ஒற்றை இன்டெக்ஸ் கொண்டும் செய்யலாம். 0-இல் தொடங்கி நீளம் / 2-க்கு முன்வரை ஓடும் லூப். ஒவ்வொரு சுற்றிலும் இன்டெக்ஸ் நிற்கும் இடத்தில் உள்ள எழுத்தும் ‘நீளம் - 1 - இன்டெக்ஸ்’ என்ற எதிர் இடத்தில் உள்ள எழுத்தும் இடம் மாறிக்கொள்ளும். சி, ஜாவா போன்ற மொழிகளில் முழு எண்களின் வகுத்தல் மீதியைத் தானாகவே விட்டுவிடும், 5 / 2 என்றால் 2. பைத்தான் 3-இல் ஒற்றைச் சாய்கோடு 2.5 தரும், லூப் அதை ஏற்காது. இரட்டைச் சாய்கோடு போட வேண்டும். தொடக்கத்தில் இரண்டு விரல் முறையையே பரிந்துரைப்பேன். கழித்தல் கணக்கைத் தலைக்குள் போட வேண்டிய அவசியமில்லை, எழுதியதைப் படித்தாலே என்ன நடக்கிறது என்று தெரியும்.

தவறுகள், அவை விட்டுச்செல்லும் தடயங்கள்

இந்தக் கணக்கின் அழகு என்னவென்றால், ஒவ்வொரு தவறும் தனக்கே உரிய ஒரு தடயத்தை விட்டுச்செல்லும். வெளியீட்டைப் பார்த்தே எங்கே பிசகினோம் என்று சொல்லிவிடலாம்.

வெளியீடு ‘உ ஈ இ ஈ உ’ என்று வந்தால் ‘கை’யை மறந்துவிட்டீர்கள். அரே[0] = அரே[4] என்று எழுதிய நொடியில் ‘அ’ அழிந்துபோயிற்று. அடுத்த வரியில் அரே[4] = அரே[0] என்றால் ‘உ’வை ‘உ’வின் மேலேயே எழுதுகிறீர்கள். பின்பாதி முன்பாதிக்கு நகலாகி, இரு பக்கமும் ஒன்றுபோல் நிற்கும்.

எதுவுமே மாறவில்லை என்றால்? இது என்னைப் பாடாய்ப் படுத்திய பிழை. செயற்கூற்றை (ஃபங்ஷனை) அழைக்கவே இல்லையோ, கோப்பைச் சேமிக்கவில்லையோ என்று எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தேன். காரணம், ஒற்றை இன்டெக்ஸ் லூப்பை நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை ஓடவிட்டிருந்தேன். இன்டெக்ஸ் 0-இல் இருக்கும்போது 0-வும் 4-உம் மாறும். 1-இல் 1-உம் 3-உம். 2 தன்னோடு தானே. அதோடு நின்றிருந்தால் சரி. ஆனால் 3 வரும்போது 3-உம் 1-உம் மறுபடி மாறி பழைய நிலைக்குப் போகும், 4-இல் 4-உம் 0-வும் திரும்பிவிடும். நிரல் அரேயை மிகச் சரியாகத் தலைகீழாக்கிவிட்டு, அதே சிரத்தையோடு நிமிர்த்தியும் வைத்துவிடுகிறது. லூப்புக்குள் ஒவ்வொரு சுற்றிலும் அரேயை அச்சிட்டிருந்தால் ஐந்து வரியில் பிடிபட்டிருக்கும்.

‘நீளம் - 1’-க்குப் பதில் ‘நீளம்’ என்று எழுதினால் என்ன ஆகும் என்பது மொழியைப் பொறுத்தது. ஜாவாவும் பைத்தானும் எல்லை மீறிவிட்டாய் என்று உடனே கத்தி நிற்கும். சி கத்தாது. அங்கே எழுத்துச் சரத்தின் (வரிசையாகக் கோத்த எழுத்துகள், ஸ்ட்ரிங்) முடிவைக் குறிக்க ‘\0’ என்ற சுழி எழுத்து கடைசியில் இருக்கும். ஐந்து எழுத்துச் சரத்தில் இன்டெக்ஸ் 5-இல் உட்கார்ந்திருப்பது அதுதான். முதல் எழுத்தோடு அது இடம் மாறினால், சரம் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டதாக அச்சிடும் செயற்கூறு நினைத்துக்கொள்ளும். திரை வெறுமையாக இருக்கும். எழுத்துகள் எல்லாம் நினைவகத்தில் பத்திரமாக இருந்தும் ஒன்றும் தெரியாது. வெறுமையான வெளியீட்டைக் கண்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

சி-யில் இதற்கு ஒரு தம்பியும் உண்டு. விசைப்பலகையிலிருந்து ஒரு முழு வரியைப் படிக்கும்போது, கடைசியில் அழுத்திய என்டரும் ஓர் எழுத்தாகச் சேர்ந்து வரலாம். தலைகீழாக்கினால் அது முன்னால் வந்துவிடும். வெளியீட்டுக்கு முன் ஒரு வெற்று வரி தெரியும். தலைகீழாக்குமுன் அதை நீக்கிவிடுங்கள்.

அடுத்தது கொஞ்சம் தந்திரமானது. ‘இடது < வலது’ என்பதற்குப் பதில் ‘இடதும் வலதும் சமமில்லாதவரை’ என்று எழுதுவது. ஐந்து எழுத்துக்குச் சரியாக வேலை செய்யும், ஏனென்றால் விரல்கள் 2-இல் சந்திக்கின்றன. நான்கு எழுத்து கொடுத்துப் பாருங்கள். இடது 1, வலது 2 ஆக இருந்து, அடுத்த அடியில் இடது 2, வலது 1. ஒன்றையொன்று தாண்டிவிட்டன. சந்திக்கவே இல்லை, இனி சந்திக்கவும் போவதில்லை. லூப் 3, 0 என்று போய், 4, -1 என்று அரேயை விட்டே வெளியேறும். ஒற்றைப்படை நீளத்தில் மட்டும் சோதித்தவர்களுக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது.

‘இடது <= வலது’ என்று எழுதினால் தவறா? இல்லை. நடு எழுத்து தன்னோடு தானே ஒருமுறை மாறிக்கொள்ளும், வீண் வேலை, அவ்வளவே. ஒரே ஒரு விதிவிலக்கு: ‘கை’ இல்லாமலேயே மாற்றும் எக்ஸ்-ஆர் என்னும் பிட் கணக்கு வித்தையைப் பயன்படுத்துகிறவர்கள். அந்த வித்தையில் இரண்டு இடமும் ஒன்றாக இருந்தால் மதிப்பு சுழியாகிவிடும். நடு எழுத்து மாயமாகும். ஒரு மாறியை மிச்சப்படுத்த அவ்வளவு சாமர்த்தியம் தேவையில்லை என்பது என் கருத்து.

வெற்று அரே

நீளம் 0 என்றால் வலது -1 ஆகிறது. 0 < -1 என்பது பொய். லூப் ஒருமுறைகூட ஓடாது. நல்லது, தனியாக எதுவும் எழுத வேண்டாம்.

ஆனால் சி, சி++ மொழிகளில் நீளத்தைக் குறியில்லா முழு எண்ணாக வைப்பது வழக்கம். அங்கே கழித்தல் குறிக்கே இடமில்லை. 0-இலிருந்து 1-ஐக் கழித்தால், 64 பிட் எண்ணில் 18446744073709551615 கிடைக்கும். வலது விரல் அவ்வளவு தூரத்தில் போய் நிற்கும், நிரல் உடைந்து விழும். தொடக்கத்தில் ‘நீளம் 2-க்குக் குறைவென்றால் திரும்பிப் போ’ என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

மொழிக்கு மொழி ஒரு பொறி

பைத்தானில் அரேயின் வேலையைச் செய்யும் பட்டியலைத் தலைகீழாக்க ‘ரிவர்ஸ்’ என்ற உள்ளமைந்த வசதி உண்டு. அது பட்டியலையே மாற்றும், எதையும் திருப்பித் தராது. அதன் விடையைப் பழைய மாறியிலேயே போட்டுவைத்தால், ஒன்றுமில்லை என்னும் மதிப்பு வந்து உட்கார்ந்து, இருந்த பட்டியலும் கைநழுவிப் போகும். புதிய அரே உருவாக்கும் வழியிலும் ஒரு பொறி இருக்கிறது: ‘புதியது = பழையது’ என்று எழுதினால் நகல் கிடைக்காது, ஒரே பட்டியலுக்கு இரண்டாவது பெயர்தான் கிடைக்கும்.

ஜாவாவில் சரத்தை இருந்த இடத்தில் மாற்ற முடியாது. எழுத்து அரேயாக மாற்றி, தலைகீழாக்கி, மறுபடி சரமாக்க வேண்டும். பைத்தான் சரங்களும் அப்படியே.

சி-யில் அரேயைச் செயற்கூறுக்கு அனுப்பினால் உள்ளே போவது அதன் முகவரி மட்டும். அங்கே ‘சைஸ்ஆஃப்’ போட்டு நீளம் கண்டுபிடிக்கப் பார்த்தால், 64 பிட் கணினியில் பொதுவாக 8 என்று வரும். அது சுட்டியின் (முகவரியை வைத்திருக்கும் மாறியின்) அளவு. நீளத்தையும் தனியாக அனுப்புங்கள். மேற்கோள் குறிக்குள் நேரடியாக எழுதிய சரத்துக்குச் சுட்டி வைத்து அதை மாற்ற முயல்வதும் வேண்டாம், பெரும்பாலும் நிரல் அங்கேயே செத்துவிடும். அரேயாக அறிவித்துவிட்டு மாற்றுங்கள்.

தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறாகவும் இதை எழுதலாம்: ஓரத்து இரண்டையும் மாற்று, உள்ளே மீதமிருப்பதை என்னிடமே கொடு. படிக்க அழகு. ஆனால் ஒவ்வொரு அழைப்பும் நினைவகத்தில் இடம் பிடிக்கும். பைத்தானில் இயல்பான வரம்பு 1000 அழைப்புகள் என்பதால் சில ஆயிரம் எழுத்துகளிலேயே முட்டி நின்றுவிடும்.

எதைக் கொடுத்துச் சோதிப்பது

வெற்று அரே, ஒரே எழுத்து, இரண்டு எழுத்து, மூன்று எழுத்து, நான்கு எழுத்து. இந்த ஐந்தும் போதும், நூறு எழுத்து தேவையில்லை. எழுத்துகள் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கட்டும். இருபுறமும் ஒன்றுபோல் படிக்கும் சொல்லைக் கொடுத்துச் சோதிக்காதீர்கள். ஒன்றுமே செய்யாத நிரலும் அதில் தேர்ச்சி பெற்றுவிடும். இரண்டு முறை தலைகீழாக்கினால் பழையபடி வருகிறதா என்று பார்ப்பதும் நல்ல சோதனைதான், ஆனால் அதே காரணத்தால் அது மட்டும் போதாது.

விகடகவி தோற்கும் இடம்

சரி, தள்ளிவைத்த சிக்கலுக்கு வருவோம். உங்கள் நிரல் எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்டது. இப்போது ‘தமிழ்’ என்று கொடுத்துப் பாருங்கள். ‘ழ்மித’ வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். வருவது ‘்ழிமத’. முன்னால் ஒரு புள்ளி அந்தரத்தில் தொங்கும், மகரத்தின் கொக்கி ழகரத்தின் மேல் ஏறியிருக்கும்.

நிரலில் தவறில்லை. நாம் ஓர் எழுத்து என்று நினைப்பதும் கணினி ஓர் எழுத்து என்று நினைப்பதும் வேறு. எழுத்து வடிவம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியெண் தரும் யூனிகோடு முறையில் ‘தமிழ்’ என்பது ஐந்து குறியெண்கள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. நம் கணக்கில் மூன்றே எழுத்து. உயிர்மெய் ஒன்றாகச் சேமிக்கப்படுவதில்லை. அகரமேறிய மெய்யும் அதன் பின்னால் குறியுமாகத் தனித்தனியே இருக்கின்றன. தலைகீழாக்கும்போது குறி முன்னால் போய், தனக்கு முன்னால் வந்து நிற்கும் வேறொரு மெய்யோடு ஒட்டிக்கொள்கிறது. உயிரெழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரே குறியெண் என்பதால்தான் கட்டம் வரையும்போது அவற்றை எடுத்தேன்.

சி-யில் நிலைமை இன்னும் மோசம். குறியெண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 3 பைட். ‘தமிழ்’ என்பது 15 பைட். பைட்டுகளைத் தலைகீழாக்கினால் எழுத்தே வராது, கேள்விக்குறிகளும் கட்டங்களும்தான் வரும்.

இதன் உச்சம் விகடகவி. எந்தப் பக்கம் படித்தாலும் ஒன்று, மாலைமாற்றுக்கு எல்லோரும் சொல்லும் எடுத்துக்காட்டு. இதைக் கொடுத்தால் நிரல் தருவது ‘ிவகடகிவ’. ஐந்து எழுத்து, ஏழு குறியெண்கள். குறியெண் வரிசையில் பார்த்தால் அது மாலைமாற்றே இல்லை.

தீர்வுக்குப் புதிதாக எதுவும் கற்க வேண்டாம், எழுதிய நிரலே போதும். தலைகீழாக்கும் செயற்கூறு தொடக்க இடத்தையும் முடிவு இடத்தையும் வாங்கிக்கொண்டு, அந்தத் துண்டை மட்டும் திருப்பும்படி மாற்றுங்கள். பிறகு இரண்டு படிகள்.

முதல் படியில் அரேயை இடமிருந்து வலமாகப் படித்து, ஒவ்வொரு மெய்யையும் அதன் பின்னால் வரும் குறிகளையும் ஒரு துண்டாக எடுத்து, அந்தத் துண்டை மட்டும் தலைகீழாக்குங்கள். ‘வி’க்குள் கொக்கி முன்னாலும் வ பின்னாலும் போகும். க, ட ஒற்றைக் குறியெண் என்பதால் அப்படியே இருக்கும்.

இரண்டாம் படியில் முழு அரேயையும் தலைகீழாக்குங்கள். துண்டுகளின் வரிசை திரும்பும். ஒவ்வொரு துண்டின் உட்புறமும் இரண்டாவது முறை திரும்புவதால் நிமிர்ந்துவிடும். விகடகவி விகடகவியாகவே வரும், ‘தமிழ்’ என்பது ‘ழ்மித’ ஆகும். முன்பு பிழையாக வந்து படுத்திய ‘இருமுறை திருப்பினால் பழையபடி’ என்ற குணம் இங்கே வேலைக்காரனாக மாறியிருப்பதைக் கவனியுங்கள். கூடுதல் அரேயும் வேண்டியதில்லை. ஒரு வாக்கியத்தின் சொற்களை மட்டும் வரிசை மாற்றும் கணக்குக்கும் இதே இரண்டு படிகள்தான். துண்டு என்ற இடத்தில் சொல்.

ஒரு குறியெண் ‘குறி’யா என்று எப்படி அறிவது? புள்ளியும் துணைக்கால், கொக்கி, கொம்பு போன்றவையும் சேர்ந்த சின்னப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, எழுத்து அதில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒரு துண்டில் ஒரே குறிதான் இருக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். ‘கொ’ என்பதை க, ொ என இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். க, ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என மூன்றாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. குறிகள் வந்துகொண்டிருக்கும்வரை துண்டை நீட்டிக்கொண்டே போகும் லூப் இரண்டையும் சமாளிக்கும்.

மிஞ்சுவது ‘க்ஷ’. க, புள்ளி, ஷ என்று மூன்று குறியெண்கள். மேலே சொன்ன விதி அதை ‘க்’, ‘ஷ’ என இரண்டு துண்டாகப் பார்க்கும். தலைகீழாக்கினால் ‘ஷக்’ என்று பிரிந்துவிடும். அதை ஒரே எழுத்தாகக் கருத வேண்டுமென்றால், புள்ளி வைத்த ககரத்துக்கு அடுத்து ஷ வருகிறதா என்று பார்க்கும் ஒரு நிபந்தனையைத் துண்டு பிரிக்கும் லூப்பில் சேர்க்க வேண்டும். ‘பட்சி’யை ‘பக்ஷி’ என்று எழுதுகிறவர்கள் உங்கள் நிரலைப் பயன்படுத்தப் போகிறார்களா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.